பிராக்கில் நான்கு நண்பர்கள்: பகலில் பிரிந்து, மாலையில் ஆற்றங்கரையில்

பிராக் நகரத்தில் பார்க்க வேண்டியவை எல்லாம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நான்கு நண்பர்கள் சேர்ந்து போனால் அந்த நடக்கும் தூரமே சண்டைக்குக் காரணமாகிவிடும். ஒருவனுக்கு ஒரு சிலையின் முன் அரை மணி நேரம் நிற்க வேண்டும், இன்னொருவனுக்கு முழங்கால் வலிக்கும், மூன்றாமவனுக்குப் பசிக்கும்.

நாங்கள் கல்லூரி விடுதியில் ஒரே வராந்தாவில் இருந்தவர்கள். நான் இப்போது ஜெர்மனியில் ட்ரெஸ்டனில் இருக்கிறேன். மற்ற மூவரும் ஊரிலிருந்து வந்தார்கள். பெயர் வேண்டாம், விடுதிப் பட்டப்பெயரே போதும்: வரலாற்றுப் பைத்தியமான வாத்தியார், கழுத்திலிருந்து கேமராவை இறக்காத போட்டோக்காரன், முட்டை கூடத் தொடாத ஐயர். ஐயருக்கு முழங்காலும் சரியில்லை. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சுற்றினோம், எது உதவியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ட்ரெஸ்டனிலிருந்து பிராக்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், எல்பே ஆறும் மணற்பாறைக் குன்றுகளும் கூடவே வரும். எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுதானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ஏறிப் பார்ப்பது சகஜம்.

ஊரின் அமைப்பு எளிது. நடுவில் வல்தாவா ஆறு. கிழக்குக் கரையில் சமதளமான பழைய நகரம்: சந்தைச் சதுக்கம், கடிகாரம், யூதர் குடியிருப்பு. மேற்குக் கரையில் மாலா ஸ்ட்ரானா என்ற பகுதி, அதற்கு மேலே குன்றின்மேல் கோட்டை. இரண்டையும் இணைப்பது சார்லஸ் பாலம். பலரும் காலையில் சதுக்கத்தில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, உச்சி வெயிலில் கோட்டைக்கு மேடேறி, மாலையில் மறுபடி பாலத்தைக் கடந்து திரும்புகிறார்கள். கூட்டம் முழுவதும் அதே வரிசையில்தான் நகர்கிறது. நாங்கள் இதைத் தலைகீழாக்கினோம். ஒரு நாளுக்கு ஒரு கரை. குன்றுக்கு டிராமில் ஏறுவது, நடந்து இறங்குவது. பாலம் விடியற்காலைக்கு மட்டும். மதியத்துக்கு மேல் அவரவர் விருப்பம், மாலை ஆறு மணிக்கு ஆற்றங்கரையில் கூட வேண்டும். "கம்பாத் தீவில் பாலத்துப் படிக்கட்டுக்குக் கீழே" என்று இடத்தையும் முதலிலேயே சொல்லி வைத்தோம். போனில் சார்ஜ் இல்லாதவனும் வந்து சேரும் இடமாக அது இருக்க வேண்டும். வாத்தியாரின் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது.

பாலத்துக்கு விடியற்காலையில் போவது போட்டோக்காரனின் பிடிவாதம். ஐயர் முனகிக்கொண்டே வந்தார். 516 மீட்டர் நீளம், பத்து மீட்டருக்குள் அகலம், இரு பக்கமும் 30 சிலைகள். பகலில் போனால் இந்த அகலத்தில் ஓவியம் விற்பவர்கள், இசைக்காரர்கள், கொடி பிடித்த வழிகாட்டிகள் எல்லோரும் சேர்ந்து நெரிப்பார்கள். ஆறு மணிக்கு முன்னால் போனால் நகராட்சித் துப்புரவு வண்டியும் திருமண உடையில் படம் எடுக்க வந்த ஒரு ஜோடியும்தான். மணற்கல்லில் கட்டிய பாலம். புகை படிந்து கறுத்த கல்லுக்குப் பக்கத்திலேயே பழுதுபார்க்கும்போது வைத்த வெளிர்நிறக் கல்லும் தெரியும். சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள். அசல்களை மழைக்கும் புகைக்கும் பயந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

இங்கே வாத்தியாருக்கு ஒரு தீனி கிடைத்தது. இதற்கு முன்பிருந்த யூதித் பாலம் 1342 வெள்ளத்தில் போய்விட்டது. பேரரசர் நான்காம் சார்லஸ் புதிய பாலத்துக்கு 1357 இல் அடிக்கல் நாட்டினார். அந்த நாழிகை ஜோதிடர்கள் குறித்தது என்று ஒரு கதை உண்டு: 1357 ஆம் ஆண்டு, 9 ஆம் தேதி, 7 ஆம் மாதம், காலை 5:31. எழுதிப் பார்த்தால் 1-3-5-7-9-7-5-3-1, முன்னும் பின்னும் ஒன்றே. உண்மையோ பொய்யோ, முகூர்த்தம் பார்த்துக் கால்கோள் விடும் நம் ஆட்களுக்கு இந்தக் கதை உடனே பிடித்துவிடும். "ராகு காலம் பாத்திருப்பாங்களாடா?" என்று ஐயர் கேட்டார், அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். முகூர்த்தமும் முழுதாகக் காப்பாற்றிவிடவில்லை. 1890 வெள்ளத்தில் மரக்கட்டைகள் வந்து அடைத்துக்கொள்ள, மூன்று வளைவுகள் இடிந்து விழுந்தன.

கோட்டைப் பக்கம் நடக்கும்போது வலது கையில், பாதி தூரத்துக்குள், நெபொமுக் யோவான் என்ற பாதிரியாரின் வெண்கலச் சிலை வரும். 1683 இல் வைத்தது. தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்கள். 1393 இல் அரசன் நான்காம் வென்செஸ்லாஸ் இவரை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொன்றான். அரசியின் பாவமன்னிப்பு ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் என்பது மக்கள் கதை. பேராயருக்கும் அரசனுக்கும் நடந்த அதிகாரப் போட்டியில் சிக்கினார் என்பது வரலாற்றாளர் கணிப்பு. சிலையின் பீடத்தில் இரண்டு வெண்கலத் தகடுகள். ஒன்றில் அவரை ஆற்றில் தள்ளும் காட்சி. அதைத் தொட்டால் மறுபடி பிராக்குக்கு வருவோம் என்று நம்பிக்கை. இன்னொன்றில் ஒரு வீரனும் நாயும். அந்த நாய்க்கும் கதைக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம் அதையும் தடவித் தடவி நாயின் முதுகு தங்கம்போல் மின்னுகிறது. மற்ற இடமெல்லாம் கருப்பு. பகலில் இதைத் தொட வரிசை நிற்கும். விடியலில் போட்டோக்காரன் மூக்கை ஒட்டி வைத்துப் படம் எடுத்தான், ஒருவரும் கேட்கவில்லை.

பழைய நகரக் கரையில், பாலத்துக்கு அருகே ஆற்றின் தடுப்புச் சுவரில், தாடிக்காரன் முகம் ஒன்று கல்லில் செதுக்கி இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் காட்டுவதில்லை, தேடிப் பாருங்கள். அந்தக் காலத்து வெள்ள அளவுகோல் அதுதான். தாடிவரை தண்ணீர் வந்தால் கரை முழுகும், உச்சந்தலை முழுகினால் சந்தைச் சதுக்கத்துக்கே தண்ணீர் வரும் என்று கணக்கு. 2002 ஆகஸ்ட்டில் வந்த வெள்ளத்தில் வினாடிக்கு 5,160 கன மீட்டர் தண்ணீர் ஓடியது. மெட்ரோ சுரங்கங்கள் நிரம்பின, சில நிலையங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அதன்பிறகு பிடுங்கி மாட்டக்கூடிய உலோகத் தடுப்புகளைக் கரையெங்கும் அமைத்திருக்கிறார்கள். கம்பாவில் தரையைக் கூர்ந்து பார்த்தால் அவற்றைச் செருகும் குழிகளின் மூடிகள் தெரியும். கடலூர், சென்னை வெள்ளங்களைப் பார்த்த எங்களுக்கு, ஊரில் வேறு எதைவிடவும் இந்த மூடிகளின் மேல்தான் பேச்சு அதிகம் ஓடியது.

கோட்டைக்கு 22 ஆம் எண் டிராம். பெரும்பாலோர் 'பிராஷ்ஸ்கி ஹ்ராத்' நிறுத்தத்தில் இறங்குவார்கள். இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி 'பொஹொர்ஷெலெட்ஸ்' போய் இறங்குங்கள். அதுதான் மேடு. அங்கிருந்து ஸ்ட்ராஹோவ் மடத்தின் பக்கம் ஒதுங்கினால் ஊர் முழுவதும் கண்ணுக்குக் கீழே. பிறகு எல்லாமே இறக்கம். ஐயரின் முழங்கால் இதற்காக எனக்கு இன்னும் நன்றி சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: தெருவெல்லாம் சிறு கற்கள் பாவியது. மழை பெய்தால் வழுக்கும். புது ஷூ, தேய்ந்த செருப்பு இரண்டும் ஆகாது. சக்கரப் பெட்டியை இந்தக் கல்லில் இழுத்தால் சக்கரம் போகும், அக்கம்பக்கத்தார் தூக்கமும் போகும்.

கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் காசு வேண்டாம். வாசலில் பை சோதனை இருக்கலாம். உள்ளே தேவாலயம், பழைய அரண்மனை, தங்கச் சந்து இவற்றுக்குத்தான் டிக்கெட். புனித விட்டஸ் தேவாலயத்தை 1344 இல் தொடங்கி 1929 இல் முடித்தார்கள். நடுவே போர், தீ, பணமில்லாமை என்று பல நூறு ஆண்டுகள் பாதியில் நின்றது. கட்டடத்தின் பழைய பாதிக்கும் புதிய பாதிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா என்று வாத்தியார் பந்தயம் கட்டினார். யாரும் ஜெயிக்கவில்லை.

பழைய அரண்மனையில் அந்த ஜன்னல் இருக்கிறது. 1618 மே 23 அன்று புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் இதன் வழியாக வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் தேவதைகள் தாங்கியதாகச் சொன்னார்கள், எதிர்த் தரப்பு குப்பைமேட்டில் விழுந்ததாகச் சொன்னது. ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் இப்படித்தான் தொடங்கியது. செயலாளருக்குப் பின்னாளில் பேரரசர் பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டத்தின் பெயர் 'ஹோஹென்ஃபால்', அதாவது உயரத்திலிருந்து விழுந்தவர். அரசாங்கத்துக்கு நகைச்சுவை உணர்வு இருந்த காலம் போலிருக்கிறது.

இறங்கும்போது நெருதோவா தெருவழியாக வாருங்கள். வீட்டு எண்கள் வருவதற்கு முன்பு வாசல்மேல் இருந்த சின்னம்தான் முகவரி: மூன்று பிடில், இரண்டு சூரியன், பச்சை இறால் என்று. நம் ஊரில் 'புளியமரத்து வீடு', 'ரெட்டைத் திண்ணை வீடு' என்பதுபோல. 1770 வாக்கில் எண்கள் வந்த பிறகும் சின்னங்களை யாரும் எடுக்கவில்லை. இந்தத் தெருவில் நால்வரும் ஒன்றாக நடந்தால் நகரவே முடியாது. போட்டோக்காரனை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்டோம். அவனுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

அடுத்த நாள் மறுகரை. வானியல் கடிகாரம் 1410 இல் செய்தது, இன்னும் ஓடுகிறது. மணிக்கு ஒருமுறை ஜன்னல் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாக வருவார்கள், எலும்புக்கூடு மணியடிக்கும், சேவல் கூவும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "இவ்ளோதானா?" என்று பின்னாலிருந்து எல்லா மொழியிலும் கேட்கும். எனக்கும் அப்படித்தான். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடம் ஜேப்படிக்காரர்களுக்குப் பொன்னான நேரம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் அதே கட்டடத்தின் கோபுரத்துக்கு ஏறலாம். லிஃப்ட் இருக்கிறது, முழங்கால்காரர்களுக்கு ஊரை மேலிருந்து பார்க்க இதுதான் வழி. கீழே இறங்கியதும் கிழக்குச் சுவரோரம் தரையைப் பாருங்கள். வெள்ளைக் கல்லில் 27 சிலுவைகள். 1621 ஜூன் 21 அன்று, அந்த ஜன்னல் கலகத்தின் தலைவர்கள் 27 பேரை இந்தச் சதுக்கத்தில் கொன்றார்கள். 12 பேரின் தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் பத்து ஆண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சிலுவைகளின்மேல் நின்றுதான் பாதிப் பேர் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

யூதர் குடியிருப்பு சனிக்கிழமையும் யூதப் பண்டிகைகளிலும் மூடியிருக்கும். திட்டம் போடும்போது முதலில் இதைப் பாருங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 80,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், பிறந்த தேதியும் கடைசியாகத் தெரிந்த தேதியும் கருப்பில். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கட்டடத்தை மூடிவைத்தார்கள், ஈரத்தில் எழுத்தெல்லாம் அழிந்தது. 1990களில் மறுபடி முழுவதையும் எழுதினார்கள். போட்டோக்காரன் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். பின்னாலுள்ள கல்லறையில் இடமில்லாமல் மண்ணுக்குமேல் மண் கொட்டிப் புதைத்ததால் சுமார் 12,000 நடுகற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இங்கே கூட்டமாகப் போகாமல் தனித்தனியாகப் போனது நல்லதாயிற்று. வெளியே வந்து கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அங்கிருந்து சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவுக் கட்டடம் நாலு எட்டுதான். 1348 இல் நிறுவிய பல்கலைக்கழகம். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் தமிழ் கற்பித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 1968 இல் சோவியத் டாங்குகள் வந்தபிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். உள்ளே பார்க்கச் சுற்றுலாவாக ஒன்றுமில்லை. ஆனாலும் வாத்தியார் வாசலில் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். மொத்தப் பயணத்தில் அவர் எடுக்கச் சொன்ன ஒரே படம் அது.

சரி, பணவிஷயம். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. யூரோ வாங்கும் கடைகளும் அவர்களுக்கு வசதியான விலையில்தான் வாங்குவார்கள். அட்டை எல்லா இடத்திலும் செல்லும். ஏடிஎம்மில் எடுத்தால் 'மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா' என்று திரையில் கேட்கும், 'மாற்றாமல்' என்பதை அழுத்துங்கள். இயந்திரம் காட்டும் விகிதத்தில் நாலைந்து சதவீதம் சுலபமாகப் போய்விடும். நாணய மாற்றுக் கடையில் 'கமிஷன் இல்லை' என்ற பெரிய எழுத்தைப் பார்க்காமல், என் கைக்கு எவ்வளவு கொருனா வரும் என்று மட்டும் கேளுங்கள். ஏமாந்ததாகத் தோன்றினால் வழி உண்டு: 2019 முதல் சட்டப்படி, 1,000 யூரோவுக்கு மேற்படாத மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம், ரசீது கையில் இருக்க வேண்டும். தெருவில் நல்ல விகிதம் தருகிறேன் என்று ஒருவர் எங்களிடமும் வந்தார். வேறு நாட்டின் செல்லாத தாளைக் கையில் திணிப்பதுதான் அவர்கள் தொழில்.

டிராமுக்கும் மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் ஒரே டிக்கெட். நாங்கள் 72 மணி நேர டிக்கெட் எடுத்தோம். காகித டிக்கெட் என்றால் முதலில் ஏறும்போது மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். எங்கள் டிராமில் ஒரு வயதான தம்பதி, காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதம் கட்டினார்கள். பரிசோதகர் சாதாரண உடையில்தான் வருவார், உள்ளங்கையில் பித்தளை வில்லையைக் காட்டுவார். டிராமுக்குள் இருக்கும் அட்டை இயந்திரத்தில் வாங்கினால் நேரம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும், அதைக் குத்த வேண்டாம்.

சாப்பாட்டில் ஐயருக்குத்தான் சோதனை. செக் சமையல் என்றால் பன்றி, மாடு, வாத்து, அதோடு ரொட்டி மாவில் வேகவைத்துத் துண்டுபோட்ட க்னெட்லிக். சைவத்துக்குப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கு அடையும் கிடைக்கும். அதில் முட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும், பெரும்பாலும் இருக்கும். ஐயரைக் காப்பாற்றியது வியட்நாமியர்கள். கம்யூனிஸ்ட் காலத்தில் வேலைக்கும் படிப்புக்கும் வந்து நிலைத்தவர்கள். மூலைக்கு மூலை அவர்களுடைய மளிகைக்கடை, உணவகம். சோறு கிடைக்கும், டோஃபு கிடைக்கும். சூப்பு மட்டும் எலும்பில் கொதித்தது, அதை ஒதுக்கிவிட வேண்டும். சதுக்கத்துக் கடைகளில் தொங்கும் பன்றித் தொடைக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. கேட்காமலே கால் கிலோவுக்கு மேல் வெட்டி வைப்பார்கள். போட்டோக்காரன் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னான், அவனுடைய ஜூம் லென்ஸுக்குக் கிடைத்த ஒரே நியாயமான வேலை. தெருவெங்கும் சுருட்டிச் சுட்டு விற்கும் ட்ர்டெல்னிக் என்ற இனிப்பு ரொட்டியைப் 'பாரம்பரியம்' என்று எழுதியிருப்பார்கள். பிராக்குக்கு அது அண்மைக்கால வரவு. சூடாக இருந்தால் ருசிதான், அவ்வளவே.

பீர்க்கடையில் ஒரு வழக்கம். மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார்கள், ஒவ்வொரு கோப்பைக்கும் பணியாளர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். அந்தச் சீட்டுதான் கணக்கு, அதைக் கசக்கவோ கிறுக்கவோ கூடாது. பழைய பாணிக் கடைகளில் கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும். போதும் என்றால் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டைத் தட்டை எடுத்துக் கோப்பைமேல் வைத்துவிட வேண்டும். முடிவில் 'சேர்த்தா, தனித்தனியா' என்று கேட்பார்கள். தனித்தனியாக என்றால் முகம் சுளிக்காமல் பிரித்துத் தருவார்கள். நாங்கள் முதல் நாளே ஆளுக்குச் சமமாகக் காசு போட்டு ஒரு பொதுப் பை வைத்தோம். சாப்பாடு, டிக்கெட், கழிவறைச் சில்லறை எல்லாம் அதிலிருந்து. (பொதுக் கழிவறைகளில் பத்து, இருபது கொருனா நாணயம் கேட்பார்கள்.) பீர் மட்டும் அதில் சேராது. குடிக்காத ஐயர் முதல் நாள் இரவே இந்தச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார், யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் விஷெஹ்ராத் போங்கள். மெட்ரோ சி தடத்தில் அதே பெயரில் நிலையம், அங்கிருந்து ஏற்றம் அதிகமில்லாத நடை. பழைய கோட்டைச் சுவரின்மேல் நடந்தால் வல்தாவா வளைந்து வருவது தெரியும், கூட்டம் குறைவு, காசும் இல்லை. உள்ளே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் இசைமேதைகள் ஸ்மெதனாவும் த்வோர்ஷாக்கும் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை என்றால் கீழே நாப்லாவ்கா கரையில் உழவர் சந்தை. நாங்கள் அங்கே செர்ரியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆற்றில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் வந்த அன்னங்கள் பார்க்கத்தான் சாது. ரொட்டிப் பையைக் கையில் வைத்திருந்த வாத்தியாரை ஒன்று மேலே ஏறி வந்தே விரட்டியது.

ஊரை விட்டுக் கிளம்பும்போது சில்லறையை மறக்காதீர்கள். மாற்றுக் கடைகள் தாள்களைத்தான் வாங்கும், நாணயத்தைத் தொடாது. பொதுப் பையில் மிஞ்சிய நாணயங்களை ரயில் நிலைய மளிகைக்கடையில் கொட்டி ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கினோம். ஐந்து கொருனா குறைந்தது, வரிசையில் பின்னால் நின்ற அம்மா ஒருவர் எடுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். ஐயர் அவருக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துக் கணக்கை நேர்செய்தார்.